பங்குனியில் கண்மாய்க் கரைக்கு வாருங்கள்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தூண்டில் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கான்சாபுரம்,
மாசி மாதம்.

அன்புள்ள நண்பர்களே,

வருகிற பங்குனியில் குழுவாகச் சேர்ந்து, இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் பயணம் போவதென்று முடிவெடுத்திருக்கிறீர்கள். அதற்கு எங்கள் ஊருக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைக் குறித்தும் வைத்திருக்கிறீர்கள். பயணம் நடக்க வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிற அளவுக்கு எனக்கும் இருக்கிறது. இடத்தை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். மலை ஓடைகளை விட்டுவிடுங்கள். அடிவாரத்துக் கண்மாய்க் கரைக்கு வாருங்கள். எங்கே, எப்போது, எப்படி என்று ஒரு திட்டமும் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் காரணங்களைச் சொல்லிவிடுகிறேன். காரணம் மனதில் பதியாமல் இடத்தை மட்டும் மாற்றினால், அடுத்த பங்குனியிலும் கால் ஓடைப் பக்கம்தான் போகும்.

இதை உங்கள் செயலாளருக்கு ஒரு கடிதமாக எழுதியிருக்கலாம். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் வட்டாரத்தில் இளைஞர்கள் பலர் இப்போது ராடும் ரீலும் வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். குழுவாகச் சேர்ந்து கிளம்புகிறவர்கள் என்ற முறையில் நீங்கள் வைக்கிற வழக்கத்தைத்தான் அவர்களும் பின்பற்றப் போகிறார்கள். ஆகவே உங்கள் முதல் முடிவு சரியாக அமைய வேண்டும்.

ஃப்ளை ஃபிஷிங் பற்றி நாம் படிக்கிற புத்தகங்களும் பார்க்கிற படங்களும் பெரும்பாலும் குளிர்நாடுகளிலிருந்து வருகின்றன. அங்கே வசந்தம் பிறந்தால் பனி உருகி ஓடையில் தண்ணீர் பெருகும். நீர்ப்பூச்சிகள் சிறகு முளைத்து மேலே எழும்பும். குளிர்காலம் முழுவதும் ஒடுங்கிக் கிடந்த டிரவுட் மீன்கள் அவற்றைப் பிடிக்க மேலே வரும். வசந்தப் பயணம் என்ற வழக்கம் அந்தத் தண்ணீரில் பிறந்தது. நம் மலையின் கிழக்குச் சரிவில் கணக்கே வேறு. நமக்கு ஆண்டின் தண்ணீரைக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் ஓடைகள் நிரம்பிப் பாயும். தை பிறந்ததும் ஒல்லியாகும். பங்குனிக்குள் ஓட்டம் அறுந்து, பாறைகளுக்கு நடுவே ஆங்காங்கே கசங்களாக நின்றுவிடும்.

அந்தக் கசத்துக்குள் இருப்பது என்ன? அந்த ஓடைத் துண்டில் உயிர் பிழைத்த மீன்கள் அத்தனையும். கல்லில் வாயை ஒட்டிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்கள், விரல் நீளக் கெண்டைகள், பாறை இடுக்குக் குறவை, மணலுக்குள் பதுங்கும் அயிரை. அடுத்த ஐப்பசியில் ஓடை மறுபடியும் ஓடும்போது மேலும் கீழும் பரவிப் பெருக வேண்டியவை இவைதான். அவற்றுக்குத் தப்பிப் போக வழியில்லை, இரையும் குறைவு. அங்கே எதைப் போட்டாலும் கடிக்கும். அதில் தூண்டில்காரரின் திறமைக்கு இடமே இல்லை. கடித்ததைத் திரும்ப விட்டுவிடுவோம் என்று நீங்கள் சொல்லலாம். வெயிலேறிய தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைவு. களைக்கும்வரை இழுக்கப்பட்ட மீனை அந்தத் தண்ணீரில் விட்டால், கண்ணெதிரே நீந்திப் போய்விட்டுச் சற்று நேரம் கழித்துச் சாகவும் கூடும். நமக்குத் தெரியாமலே ஒரு கசத்தின் விதைமீனை முடித்துவிட்டு வருவோம்.

இரண்டாவது காரணம் எங்கள் ஊர்க்காரர்களுடையது. பங்குனி, சித்திரையில் அந்தக் கசங்கள்தான் காட்டு விலங்குகளின் குடிநீர். யானையும் காட்டெருமையும் மானும் இறங்கி வருகிற நேரம் விடியற்காலையும் அந்திப்பொழுதும். தூண்டில் போட நீங்கள் விரும்புவதும் அதே நேரம். பத்துப் பேர் கசத்தைச் சுற்றி நின்றால் யானைக்கூட்டம் அங்கே வராது. ஆனால் தாகம் போய்விடாது. அது கீழே இறங்கும். கான்சாபுரம், அத்திகோயில் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் யானையால் படுகிற பாடு உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் நீங்கள் கழிக்கிற ஒரு காலைப்பொழுதுக்கு, இரவுக் காவலுக்குப் போகிற விவசாயி விலை கொடுக்க நேரக்கூடும்.

மூன்றாவது, சட்டம். இந்த மலை 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் 51ஆவது, பரப்பு 1016 சதுர கிலோமீட்டருக்கும் மேல். காப்பகத்துக்குள் நுழைவதற்கே அனுமதி வேண்டும் என்கிறபோது, அங்கே தூண்டில் போடுவது பற்றிப் பேச இடமில்லை. யாரோ தெரிந்தவர் மூலம் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்ற யோசனை உங்களில் ஒருவருக்கும் வர வேண்டாம். குழு என்ற பெயரைக் காப்பாற்றுவதற்கு முதல் நிபந்தனை அது.

நான்காவது, உயிர். 2015 மே மாதத்தில் சதுரகிரி அடிவாரத்துத் தாணிப்பாறையில் என்ன நடந்தது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். உச்சிமலையில் கோடைமழை கொட்ட, சதுரகிரிக்குப் போன பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். காய்ந்து கிடக்கிற ஓடைதான் கோடையில் அதிக ஆபத்தானது. கீழே வெயிலடிக்கும்போதே மேலிருந்து தண்ணீர் வந்துவிடும். 2018 மார்ச் 11ஆம் தேதி, பக்கத்துத் தேனி மாவட்டத்தில், குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து மலையேற்றம் போன இளைஞர்களும் பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவும் இதே பருவம். புல் காய்ந்து சருகு குவிந்திருக்கும் பங்குனியில் மலைக்குப் போவதென்பது நம் பகுதியில் லேசான காரியம் இல்லை.

இவ்வளவையும் சொன்னது உங்களைத் தடுப்பதற்காக இல்லை. குழுவாகச் சேர்ந்து மீன் பிடிப்பதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். தனியாகத் தூண்டில் போடுகிறவர் தன்னை மட்டுமே கட்டுப்படுத்திக்கொள்ள முடியும். சங்கமாகச் சேர்ந்தவர்கள் ஒரு நீர்நிலைக்கே ஓய்வு கொடுக்க முடியும். எப்போது மீன் பிடிப்பது என்பதைவிட, எப்போது பிடிக்கக் கூடாது என்று கூடிப் பேசி முடிவெடுப்பதில்தான் சங்கத்தின் பலம் இருக்கிறது.

இதற்கு நம் மாநிலத்திலேயே பழைய உதாரணம் உண்டு. நீலகிரியில் டிரவுட் மீனைக் கொண்டுவர 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் முயன்றார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவர் அவர். அப்போது அது கைகூடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் காலத்தில்தான் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. ஆனால் டிரவுட் நிலைப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1877இல், நீலகிரியில் வேட்டைக்கும் மீனுக்குமான சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. இரண்டு ஆண்டுகளில், 1879இல், நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்த மாதங்களில் எதைத் தொடக் கூடாது என்று வரையறுப்பதற்கு அந்தச் சட்டம் வழி செய்தது. அது வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் கூடிய சங்கம். அந்த மண்ணின் மக்களைக் கேட்டு விதி வகுத்தவர்கள் இல்லை அவர்கள். அந்தக் குறை நமக்கு வேண்டாம். ராடைக் கையில் எடுப்பதற்கு முன்னால் விதியை எழுதிக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஊரைக் கேட்டு வகுத்த விதிக்கு உதாரணம் வேண்டுமானால் நீலகிரிவரை போக வேண்டாம். நம் தென்மாவட்டங்களின் மீன்பிடித் திருவிழாவைப் பாருங்கள். மாசி முதல் வைகாசி வரை, கண்மாயில் தண்ணீர் வற்றுகிற நேரத்தில், ஊர் கூடி ஒரு நாளைக் குறிக்கும். அந்த நாள்வரை கண்மாயில் யாரும் இறங்க மாட்டார்கள். சுற்றுப்பட்டி ஊர்களுக்கெல்லாம் தகவல் போகும். விடியுமுன்னே ஊத்தாவும் கச்சாவும் பரியும் வலையுமாக ஆயிரக்கணக்கில் சனம் கரையில் வந்து நிற்கும். ஊர்ப்பெரியவர் சாமி கும்பிட்டு, வெள்ளைத் துண்டை வீசிக் காட்டிய பிறகுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பெரிய மீன் ஒருவருக்குக் கிடைக்கும், அடுத்தவருக்குக் கெண்டைப்பொடி கிடைக்கும். ஊரில் எல்லா வீட்டிலும் அன்றைக்கு மீன்குழம்பு. ஒரு பருவம் முழுவதும் காத்திருந்து ஒரே நாளில் கூடிப் பிடிப்பதில் இருக்கிற ஒழுங்கு, எந்த நாட்டுத் தூண்டில் சங்கத்துக்கும் பாடமாக இருக்கக்கூடியது.

கடல்பக்கத்திலும் பாருங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக விடுகிற ஓய்வு அது. மீனை நம்பி அடுப்பெரிக்கிற குடும்பங்கள் இரண்டு மாதம் வருமானத்தை இழந்து காத்திருக்கின்றன. பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிற நாம் ஓடைகளுக்கு ஆண்டு முழுவதும் ஓய்வு கொடுத்தாலும் நமக்கு ஒரு வேளைச் சோறு குறையப் போவதில்லை.

சரி, கண்மாய்க்கு வருவோம். தூண்டில் எழுத்தில் நம் பக்கத்துக்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: ஹென்றி சலிவன் தாமஸ். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்தவர். 1873இல் இந்தியாவில் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. அதோடு நிற்காமல், 1887இல் குளங்களிலும் கண்மாய்களிலும் தூண்டில் போடுவதற்கென்றே தனி நூல் ஒன்றையும் வெளியிட்டார். ஆற்றையும் மலையோடையையும் நன்றாக அறிந்த ஒருவர், நிற்கிற தண்ணீருக்கு ஒரு முழுப் புத்தகம் எழுதத் தோன்றியதென்றால் அங்கே விஷயம் இருக்கிறது. அந்த நூல் வந்து நூறாண்டுக்கும் மேல் ஆகிவிட்ட இந்த வேளையில், கண்மாயை இரண்டாம் தரமாக நினைக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

நம் கண்மாய்களும் அந்த மலையின் தண்ணீர்தான். பிளவக்கல்லில் பெரியாறு அணை சுமார் 47 அடி, கோவிலாறு அணை சுமார் 42 அடி. அவற்றைத் தாண்டி வருகிற தண்ணீர் வத்திராயிருப்பு வட்டாரத்தில் கண்மாய் கண்மாயாக நிரப்பி, மறுகால் பாய்ந்து அர்ச்சுனா நதியாகி, இருக்கன்குடியில் வைப்பாற்றைச் சேர்ந்து கடலுக்குப் போகிறது. ஓடையில் பிறந்த கெண்டை வெள்ளத்தோடு கண்மாய்க்கு இறங்கும். கண்மாயில் வளர்ந்தது மறுகாலில் எதிரேறும். மலையை விட்டுவிடச் சொன்னேன் என்றாலும், கண்மாய்க் கரையில் நிற்கும்போது அந்த மலைத்தண்ணீரில்தான் தூண்டில் போடப் போகிறீர்கள்.

நல்ல மழை பெய்த ஆண்டில் பங்குனியிலும் கண்மாயின் ஆழப்பகுதியில் தண்ணீர் நிற்கும். விளிம்பு பின்வாங்கியிருக்கும். மடைப்பக்கம் ஆழம், எதிர்ப்பக்கம் முழங்கால் அளவு. அந்த ஆழமில்லாத ஓரத்தில் தரையில் வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும். அவை ஜிலேபி மீனின் ஆண் தோண்டியவை. குழிக்கு அருகே எது வந்தாலும் அது பாய்ந்து விரட்டும்; சேவல் இறகில் கட்டிய சின்னப் பூச்சியையும் விடாது. ஃப்ளை ராடுக்கு நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது. ஜிலேபி நம் மீனும் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த இனம் 1952இல் இலங்கை வழியாக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டு, இந்திய நீர்நிலைகள் எங்கும் பரவி, நாட்டு மீன்களின் இடத்தையும் இரையையும் பிடித்துக்கொண்டது. ஆகவே பிடித்த ஜிலேபியைத் திரும்ப விட வேண்டியதில்லை. குழம்புக்கும் வறுவலுக்கும் நன்றாக இருக்கும்.

கெண்டைகள் மேல்மட்டத்தில் மேயும். காலை வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீரில் சின்னச் சின்ன வட்டங்கள் எழுவது அவற்றால்தான். அங்கே எறும்பு அளவுக்குக் கட்டிய ஃப்ளை போதும். கோடைமழை பெய்த மாலையில் ஈசல் கிளம்பினால் கண்மாய் முழுக்கக் கொதிக்கிற மாதிரி மீன் எழும்பும். அந்த அரைமணி நேரத்துக்காகவே ஈசல் வடிவத்தில் சில ஃப்ளைகளைக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். விரால் கோரை ஓரத்தில் நிற்கும். தவளைக் குஞ்சு போலத் தத்தி வருகிற பெரிய ஃப்ளையை எடுக்கும். ஆனால் நீர்மட்டத்தில் செந்நிறக் குஞ்சுக்கூட்டம் ஒன்று பந்தாகத் திரண்டு நகர்வதைக் கண்டால் அந்த இடத்தைவிட்டு விலகிவிடுங்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்த விராலைப் பிடித்தால் குஞ்சுகளுக்குக் காவல் போய், மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

ஃப்ளை ஃபிஷிங் முறையில் எடை முழுவதும் லைனில்தான் இருக்கிறது. ஃப்ளைக்கு எடையே கிடையாது. பின்னால் லைனை நீட்டி எறிந்து, அது முழுவதும் நேராகும்வரை பொறுத்து, பிறகு முன்னே செலுத்த வேண்டும். கண்மாய்க் கரையில் பின்னால் கருவேல மரங்கள் நிற்கும், முள்ளில் சிக்கும். அதனால் கரைக்கு நேர்குத்தாக நிற்காமல், கரையை ஒட்டி நீளவாக்கில் வீசிப் பழகுங்கள். அல்லது லைனைத் தண்ணீரிலேயே கிடத்தி உருட்டி வீசும் முறையைக் கற்றுக்கொண்டு வாருங்கள். ஒன்பதடி நீளத்தில் ஐந்தாம் எண் ராடு நம் மீன்களுக்குத் தாராளம். அது வாங்க வசதியில்லாத தம்பிமார் யாரும் பின்தங்க வேண்டாம். ஜப்பானியர்கள் டெங்காரா என்ற முறையில் ரீலே இல்லாமல், நீளக் கம்பின் நுனியில் கயிற்றைக் கட்டி, ஃப்ளையை வீசி மலையோடைகளில் மீன் பிடிக்கிறார்கள். நல்ல மூங்கில் கம்பும் கொஞ்சம் தங்கூசியும் இருந்தால் நம் பையன்களும் அப்படிச் செய்யலாம்.

ஃப்ளை கட்டுவதற்கும் வெளியே அலைய வேண்டாம். இராஜபாளையத்து நூற்பாலை நூல் இருக்கிறது. சேவல் கழுத்து இறகு இல்லாத ஊர் இல்லை. மயிலிறகை மட்டும் தேடிப் போகாதீர்கள். ஃப்ளைக்காக யாரும் மயிலைத் தொட்டார்கள் என்ற பேச்சு நம் குழுவுக்கு வரக் கூடாது. தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு செதிலைக் குறடால் நசுக்கிவிட்டுக் கொண்டு வாருங்கள். மீனின் வாய் கிழியாமல் உடனே கழற்றிவிடலாம். நம் கையில் குத்தினாலும் சுலபமாக எடுக்கலாம்.

இனி என் திட்டம். பங்குனியில் அமாவாசை, பௌர்ணமி இல்லாத ஒரு சனி, ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் தாணிப்பாறைச் சாலை சதுரகிரிக் கூட்டத்தால் நிரம்பிவிடும். பங்குனி உத்திரத்தை ஒட்டியும் வேண்டாம். ஆண்டாள் திருக்கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரே திரண்டிருக்கும். சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ராடை மடித்துவிட வேண்டும். அதற்கு மேல் தண்ணீர் சூடேறிவிடும். பகல் முழுவதும் தென்னந்தோப்பில் ஃப்ளை கட்டுகிற வகுப்பு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் வந்து உட்காரட்டும். கட்டத் தெரிந்தவர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாலரை மணிக்கு மறுபடியும் கரை; இருட்டுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். ஞாயிறு காலை இன்னொரு முறை தூண்டில் போட்டுவிட்டு, கரையைச் சுத்தம் செய்துவிட்டுக் கிளம்புவோம். வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் தாராளமாக அழைத்து வாருங்கள். மலைக்குப் போயிருந்தால் இது நடந்திருக்காது. இராஜபாளையத்து நாய்களின் மேல் உங்களுக்கு இருக்கிற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கண்மாயில் நீர்ப்பறவைகள் தங்கியிருக்கும் நேரம், நாய்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கண்மாய் மீன் யாருக்கும் சொந்தமில்லாத பொருள் அல்ல. மீன்பாசி குத்தகை எடுத்தவர் பணம் கட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, காவலும் போட்டிருக்கிறார். அவரை நேரில் பார்த்து, அண்ணாச்சி இப்படி ஒரு குழு வருகிறது, ஜிலேபியும் சில்லறைக் கெண்டையும்தான் எங்கள் குறி, நீங்கள் விட்ட மீன் சிக்கினால் அங்கேயே விட்டுவிடுவோம், தவறிச் செத்தால் அதற்குரிய விலையைக் கொடுத்துவிடுவோம் என்று பேசி, சம்மதம் வாங்க வேண்டும். பாசனக் கண்மாய் என்பதால் ஊராட்சியிடமும் நீர்வளத் துறையிடமும் சொல்லிவிட வேண்டும். ஊர்ப்பெரியவர்களிடம் மீன்பிடித் திருவிழா நாள் குறித்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். குறித்திருந்தால் நாம் வேறு கண்மாய்க்குப் போவோம்.

இந்தப் பயணத்தோடு சேர்த்து உங்கள் கூட்டத்தில் நான்கு தீர்மானங்கள் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, புலிகள் காப்பகத்து ஓடைகளில் நம் குழுவைச் சேர்ந்த யாரும் எந்தப் பருவத்திலும் தூண்டில் போடுவதில்லை.

இரண்டாவது, புரட்டாசி பாதி முதல் கார்த்திகை முடியும்வரை கலுங்குகளிலும் வரத்துக்கால்களிலும் தூண்டில் இல்லை. புதுத்தண்ணீருக்கு எதிரேறி வருகிற மீன் சினையோடு வருகிறது. அந்த நேரத்தில் கலுங்கடியில் நின்று அள்ளுவது சுலபம். அள்ளினால் அடுத்த ஆண்டுக்கு மீன் இருக்காது. நாம் விலகி நின்றால், மற்றவர்களிடமும் சொல்ல நமக்குத் தகுதி வரும். தோட்டா போட்டும் மருந்து கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. அப்படிச் செய்வதைக் கண்டால் குழுவாகப் போய்ப் புகார் கொடுப்போம்.

மூன்றாவது, ஒரு நோட்டு. பிடித்த ஒவ்வொரு மீனையும் இனம், நீளம், நேரம், மடையில் நீர்மட்டம் ஆகியவற்றோடு எழுதி வைக்க வேண்டும். இதன் அருமைக்குக் காவிரியே சாட்சி. கர்நாடகத்தில் காலிபோர் முகாமில் மகசீர் பிடித்து விட்ட தூண்டில்காரர்கள் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த குறிப்புகளைப் பின்னாளில் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஆற்றில் மகசீர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது; ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகிக்கொண்டே வந்து, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர் அதன் இடத்தைப் பிடித்திருந்தது. அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால் இது வெளியே தெரிய இன்னும் பல காலம் ஆகியிருக்கும். 2018இல்தான் திமில் மகசீரின் அறிவியல் பெயர் உறுதியாகி, அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அது பட்டியலிடப்பட்டது. 1946இல் கபினியில் 120 பவுண்டு எடையில் பிடிபட்ட இனம் அது. நம் கண்மாயில் குறவை குறைகிறதா, அயிரை இருக்கிறதா, ஆப்பிரிக்கக் கெளுத்தி நுழைந்துவிட்டதா என்பதற்கு இன்றைக்கு யாரிடமும் தொடர்ச்சியான கணக்கு இல்லை. அதை நீங்கள் தொடங்கலாம்.

நான்காவது, மீனைப் படம் எடுங்கள், இடத்தின் பெயரைப் போடாதீர்கள். 2025இல் கூமாபட்டியின் தண்ணீரைப் பற்றி வந்த காணொளிகளைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ கூட்டம் திரண்டு வந்ததையும், பிளவக்கல் பக்கம் கட்டுப்பாடு போட வேண்டி வந்ததையும் பக்கத்து ஊர்க்காரனாக நான் பார்த்திருக்கிறேன். ஒரு கண்மாய் அவ்வளவு பேரைத் தாங்காது.

மலைத் தண்ணீரில் ஃப்ளை வீச வேண்டும் என்ற உங்கள் கனவை நான் அழிக்க விரும்பவில்லை. நீலகிரிக்கு ஒரு பயணம் போடுவோம். அவலாஞ்சிப் பொரிப்பகத்தின் வரலாற்றை அந்த மண்ணிலேயே நின்று தெரிந்துகொள்வோம். எந்த நீரில், எந்த மாதத்தில் தூண்டிலுக்கு இடம் உண்டு என்று மீன்வளத் துறையிடமும் வனத்துறையிடமும் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு கிளம்புவோம். அதற்குள் ஒரு பங்குனி முழுவதும் கண்மாய்க் கரையில் வீசிப் பழகிய கை நமக்கு இருக்கும். சொந்த ஊர்த் தண்ணீரை அறிந்த அனுபவமும் இருக்கும்.

உங்கள் கூட்டத்தில் இந்த மடலை வாசித்துப் பேசுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். நேரில் வந்து பேசவும் தயாராக இருக்கிறேன். சம்மதம் என்றால் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், எந்தச் சனிக்கிழமை என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள். பதில் வந்த மறுநாளே குத்தகைக்காரரைப் போய்ப் பார்க்கிறேன். உங்களில் இருவர் என்னோடு வந்தால் நல்லது. நாம் யார் என்று அவருக்கு முதலிலேயே முகம் தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் தூண்டில் தோழன்,
கான்சாபுரம்.